கலமும் களமும் ஒன்றாமோ?

ஓரினத்தின் மொழியைச் சிதைக்க முனைவோர் முதற்கண் கைவைப்பது அவ்வினம் இட்டு வழங்கும் பெயர்களின் மேல்தான். முதுகுன்றம் விருத்தாசலமாயிற்று, மறைக்காடு வேதாரணியமாயிற்று. ஊர் அங்கேயே இருந்தது. மண் அங்கேயே இருந்தது. மக்களும் அங்கேயே இருந்தனர். பெயர் மட்டும் பெயர்ந்தது. பெயர் பெயர்ந்ததும் அவ்வூரின் வரலாறும் உடன் பெயர்ந்தது. இக்கேட்டினைத் தமிழுணர்வாளர் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர்.

ஆனால், ஆணையிடுவார் எவரும் இல்லாமலே, எவர் கண்ணிலும் படாமலே, இன்னொரு பெயரழிப்பு நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் நடைபெற்று வருகின்றது. அது கணிப்பொறிக்குள் நடைபெறுகின்றது. தமிழிலேயே எண்ணி, தமிழிலேயே எழுதி, தமிழிலேயே தொகுத்து வைத்த ஒன்றினைச் சேமிக்கும்போது மட்டும், அக்கோப்பிற்கு உரோமன் எழுத்தில் பெயரிடுகின்றோம். "உள்ளே இருப்பது தமிழாயிருக்க, மேலே உள்ள பெயர் எவ்வெழுத்தில் இருந்தால் என்ன?" என்று கேட்பாரும் உளர். மேலே உள்ள அப்பெயரே உள்ளே உள்ள தமிழை விழுங்கிவிடும் என்பதுதான் அதற்கு விடை. அஃது எவ்வாறு என்பதை அன்பர்கள் ஊன்றிப் படித்துணர வேண்டுகின்றேன்.

இருவகை எழுத்தும் இருவகைப் பொறியும்

உரோமன் எழுத்தில் ஒவ்வோர் எழுத்திற்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று பேரெழுத்து, மற்றொன்று சிற்றெழுத்து. பழைய உரோமர்க்குக் கல்லில் வெட்டிய பேரெழுத்து ஒன்றே இருந்தது. சிற்றெழுத்து, பின்வந்த படியெடுப்போர் கைப்பழக்கத்தால் திரிந்து, எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நிலைபெற்ற வடிவமாகும். அச்சுக்கோப்போர் பேரெழுத்துகளை மேல்தட்டிலும் சிற்றெழுத்துகளைக் கீழ்த்தட்டிலும் இட்டு வைத்தனர்; அதனாலேயே ஆங்கிலத்தில் அவற்றிற்கு மேல்தட்டு, கீழ்த்தட்டு என்னும் பெயர்கள் வழங்கலாயின. இரண்டிற்கும் ஒலி ஒன்றே, பொருளும் ஒன்றே. தமிழிலோ இத்தகைய இரட்டை வடிவமே இல்லை. தமிழில் ஓர் எழுத்து மற்றோர் எழுத்தினின்று வேறுபட்டால், ஒலியும் வேறுபடும், பொருளும் வேறுபடும்.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது; எண்ணாகவே அறியும். ஆசுக்கி எனப்படும் அமெரிக்கக் குறியீட்டு முறையில் உரோமன் முதலெழுத்தின் பேரெழுத்திற்கு 65 என்பது எண். அதன் சிற்றெழுத்திற்கு 97. எல்லா எழுத்திற்கும் இவ்விடைவெளி 32 ஆகும். இவ்விரண்டு எண்களையும் ஒன்றென்று கொள்வதா, வேறென்று கொள்வதா என்னும் வினாவிற்குப் பொறிகளை ஆக்கியோர் ஒருமித்த விடை காணவில்லை.

1969-இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்சு என்னும் இயங்குதளமும், அதன் வழிவந்த இலினக்சும், எண் வேறாயின் பெயரும் வேறு என்று கொண்டன. விண்டோசு இயங்குதளமோ, பேரெழுத்தில் எழுதினாலும் சிற்றெழுத்தில் எழுதினாலும் பெயர் ஒன்றே என்று கொண்டது. எழுதியவாறே காட்டும், ஆனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் மாக்குப் பொறிகளும் இயல்பான அமைப்பில் அவ்வாறே செய்கின்றன. எனவே, இலினக்சுப் பொறியில் இரண்டு கோப்புகளாக இருப்பவை, விண்டோசுப் பொறிக்கு வந்ததும் ஒரே பெயருக்குப் போட்டியிடும் இரண்டாகிவிடுகின்றன. அறை ஒன்று, உரிமை கொண்டாடுவோர் இருவர். ஒருவர் உள்ளே இருப்பார். மற்றவர் வெளியே தள்ளப்படுவார்.

பதிப்பு மேலாண்மை என்னும் புதிய ஏடு

பலர் கூடி ஒரு பணியைச் செய்யுங்கால், யார் எதனை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றைப் பதிப்பு மேலாண்மை மென்பொருள்கள் என்பர். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பினை நினைந்து பார்க்கின், இதன் அருமை விளங்கும். எந்தச் சுவடி முந்தியது, எந்தத் திருத்தம் எவர் கை என்று அறிய அவர்கள் ஊர் ஊராய் அலைந்தனர். இம்மென்பொருள்களோ ஒவ்வொரு திருத்தத்தையும் நாளும் பெயரும் இட்டுத் தாமே காத்து வைக்கின்றன. இன்று உலகெங்கும் பரவலாக வழங்குவது, இலினக்சினைத் தொடங்கிய இலினசு தோர்வால்டு 2005 ஏப்பிரலில் ஆக்கிய கிட் என்பதாகும். அகரமுதலி தொகுப்போரும், பழநூல்களை மின்பதிப்பாக்குவோரும் இத்தகைய மென்பொருள்களைப் பயன்கொள்ள முடியும், கொள்ளவும் வேண்டும்.

கிட் தன் களஞ்சியத்தில் கோப்புப் பெயர்களை எண்நிரலாகவே வைத்துக்கொள்கின்றது. ஆதலின் அதன் ஏட்டில் பேரெழுத்துப் பெயரும் சிற்றெழுத்துப் பெயரும் தனித்தனியே நிற்கும். ஆனால் அவ்வேட்டினின்று கோப்புகளை எடுத்து விண்டோசுப் பொறியில் பரப்பும்போது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும், ஒன்றே எஞ்சும். இது கற்பனையன்று. இலினக்சின் மூல நிரலிலேயே, வலைவழி வரும் பொதிகளை வடிகட்டும் பகுதியில், பேரெழுத்து சிற்றெழுத்து வேறுபாடு ஒன்றினாலேயே பிரிந்து நிற்கும் கோப்புகள் இருக்கின்றன. அக்களஞ்சியத்தை மாக்கிலோ விண்டோசிலோ படியெடுப்போர் இத்தொல்லையை நெடுநாளாகக் கண்டு வருகின்றனர். 2018 இறுதியில் வந்த 2.20-ஆம் பதிப்பிலிருந்து, படியெடுக்கும்போது இவ்வாறு பெயர்கள் மோதினால் கிட் எச்சரிக்கை தருகின்றது. அதற்கு முன் அதுவும் இல்லை.

இச்சிக்கல் கோப்பு காணாமற்போவதோடு நின்றுவிடவும் இல்லை. கிட் தன் உள்ளமைப்புகளைச் சிற்றெழுத்தால் பெயரிட்ட ஒரு மறைவான அடைவில் வைத்துக்கொள்கின்றது; அப்பெயரில் வேறு எவரும் கோப்பு இடுதல் கூடாது என்று தடுத்தும் வைத்தது. ஆனால் தீயவன் ஒருவன் அதே பெயரில் ஓரெழுத்தை மட்டும் பேரெழுத்தாக்கி இட்டால், தடுக்கும் காவலாளி அதனை வேறு பெயர் என்று எண்ணி உள்ளே விடுவான். விண்டோசும் மாக்கும் அதே பெயர் என்று எண்ணி உள்ளமைப்பின் மேலேயே எழுதிவிடும். இவ்வழியாகப் பிறர் பொறியில் தாம் விரும்பும் கட்டளையை இயக்க முடியும் என்பது 2014 திசம்பரில் வெளிப்பட்டது. உடனே திருத்தப் பதிப்பும் வெளியிடப்பட்டது. காவலாளிக்கு ஒரு கண்ணும் வீட்டிற்கு ஒரு கண்ணுமாக இருந்தால் விளைவு இதுதான்.

தமிழுக்கு நேரும் தனிக்கேடு

இதுகாறும் கூறியது உலகப் பொதுவான இடர். இனித் தமிழுக்கே உரிய கேட்டினைக் கூறுவேன்.

ஆங்கிலேயன் ஒருவன் தன் கோப்பிற்குப் பெயரிடுங்கால், முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கினாலும் ஆக்காவிட்டாலும் அவன் சொல் மாறுவதில்லை. எனவே பொறி இரண்டையும் ஒன்றாக்கினால் அவனுக்குப் பெரிதாக இழப்பொன்றும் இல்லை. தமிழன் நிலை அவ்வாறன்று. உரோமன் எழுத்தில் லகரத்திற்கும் ளகரத்திற்கும் தனித்தனி எழுத்தில்லை. னகரத்திற்கும் ணகரத்திற்கும் இல்லை. ரகரத்திற்கும் றகரத்திற்கும் இல்லை. 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகரமுதலியை வெளியிட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தார், உரோமன் எழுத்தின் கீழே புள்ளியும் கோடும் இட்டு இவற்றை வேறுபடுத்தினர். தட்டச்சிலும் கணிப்பொறியிலும் அப்புள்ளியும் கோடும் கிட்டாமையால், பின்வந்தோர் ஒரு குறுக்கு வழியைக் கைக்கொண்டனர். சிற்றெழுத்து 'எல்' லகரம். பேரெழுத்து 'எல்' ளகரம். சிற்றெழுத்து 'என்' னகரம்; பேரெழுத்து 'என்' ணகரம். சிற்றெழுத்து 'ஆர்' ரகரம். பேரெழுத்து 'ஆர்' றகரம். இன்றும் பல்லாயிரவர் ஒலிபெயர்ப்பு விசைமுறையில் இவ்வாறே தட்டுகின்றனர். சிலர் ஆகாரத்தையும் பேரெழுத்தாலேயே குறிக்கின்றனர்.

இப்போது இதன் விளைவை நோக்குக. விண்டோசுப் பொறி பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகக் கொள்ளும்போது, அஃது ஆங்கிலச் சொல்லின் புறவடிவத்தை மட்டும் புறக்கணிக்கின்றது. தமிழ்ச் சொல்லிலோ அது லகர ளகர வேறுபாட்டையே அழித்துவிடுகின்றது. கலையும் களையும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. பனியும் பணியும் ஒன்று. அரமும் அறமும் ஒன்று. மரமும் மறமும் ஒன்று. கரையும் கறையும் ஒன்று. பல்லியும் பள்ளியும் ஒன்று. ஆகாரத்தையும் பேரெழுத்தால் எழுதுவோர்க்குக் கல், கள், கால் என்னும் மூன்றும் ஒன்று. அறம் என்று எழுதி வைத்தவன் அரத்தை எடுத்துப் பார்க்கும் நிலை இது.

எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்கள் ஏரிப் பாசனத்தில் வாழ்வன. மதகு, கலிங்கு, மடை, கழனி, களம், கலம் என்று உழவோடு பிறந்த சொற்கள் முதியோர் நாவில் இன்றும் உண்டு. அவர்களோடு அச்சொற்களும் மறைந்துவிடாமல் இருக்க, மாணவர் சிலர் கூரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சென்று, முதியோரைக் கேட்டு, சில நூறு சொற்களைத் தொகுத்தனர். சொல்லொன்றுக்குக் கோப்பொன்று, அனைத்தும் கிட் களஞ்சியத்தில். "கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும், தமிழில் இட்டால் பொறி குழம்பும்" என்று கணிப்பொறி கற்பிக்க வந்த ஒருவர் அறிவுறுத்தினார், அவ்வாறே இட்டனர். தொகுத்த மாணவரின் வீட்டுப் பொறி இலினக்சில் இயங்கியது; ஏனையோர் பொறிகள் விண்டோசில் இயங்கின.

சில கிழமைகள் கழித்துப் பார்த்தபோது, கதிரடிக்கும் களத்தைக் காணவில்லை. களத்தின் பெயரைத் திறந்தால் நெல்லளக்கும் கலத்தின் விளக்கம் வந்தது. குளத்தைத் திறந்தால் குலம் வந்தது. மீன்பிடிக்கும் பறியைத் தேடினால் பரி வந்து நின்றது! விண்டோசுப் பொறியில் ஒன்று மற்றொன்றின் மேல் விழுந்ததும், கிட் அதனை ஒரு திருத்தம் என்றே கருதிக் காட்டியது. மாணவரும் அதனைத் திருத்தம் என்றே எண்ணி ஒப்படைத்துவிட்டனர். முன்னைய பதிப்புகள் களஞ்சியத்தின் ஏட்டில் அழியாமல் இருந்தமையால், இலினக்சுப் பொறியில் ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து மீட்க முடிந்தது. ஏடு இல்லாத தொகுப்பாயிருந்தால் அச்சொற்களின் கதி என்ன? அவற்றைச் சொன்ன முதியோரில் சிலர் இன்று இல்லை. அவர்களை மீண்டும் கேட்க முடியுமா?

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் தனித்தனியே எழுதிக் குடத்திலிட்டு, குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓரோலையை எடுக்கச் செய்தனர். அவ்வோலையைப் படிப்பவன், "இவ்விரண்டு பெயரும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன" என்று சொல்லி ஓரோலையைக் கிழித்தெறிந்தால் அவை ஏற்றிருக்குமா? நம் கணிப்பொறி அதைத்தான் செய்கின்றது, நாமும் ஏற்றுக்கொண்டிருக்கின்றோம்.

அறிவுரை என்னும் அழிவுரை

இச்சிக்கலுக்கு மென்பொருள் வல்லார் கூறும் தீர்வு ஒன்றுண்டு. "கோப்புப் பெயர் அனைத்தையும் சிற்றெழுத்திலேயே எழுதுக; பேரெழுத்தைத் தொடாதே" என்பது அது. ஆங்கிலத்திற்கு அது நல்ல அறிவுரைதான். உரோமன் எழுத்தில் எழுதும் தமிழுக்கோ அஃது அழிவுரை. பேரெழுத்தைத் தொடாதே என்றால் ளகரத்தைத் தொடாதே, ணகரத்தைத் தொடாதே, றகரத்தைத் தொடாதே என்பதுதான் பொருள். பொறி செய்த அழிவை நாமே நம் கையால் முன்கூட்டியே செய்து முடிப்பதற்கு இதனைவிட எளிய வழி இல்லை. இன்னுஞ் சிலர், எழுத்தை அடுத்து 2 என்னும் எண்ணை இட்டு வேறுபடுத்துக என்பர். தொல்காப்பியர் வகுத்த எழுத்திற்கு வால் ஒட்டும் வேலை இது.

இவ்வாறு கூறுவோரை நோவதில் பயனில்லை. பேரெழுத்தும் சிற்றெழுத்தும் எல்லா மொழிக்கும் பொதுவான இயற்கை என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உரோமன் எழுத்திற்குள்ளேயே அது பொதுவன்று. துருக்கியர் 1928-இல் உரோமன் எழுத்திற்கு மாறியபோது, புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என இரண்டை வைத்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் ஒன்றற்கொன்று பேரெழுத்தும் சிற்றெழுத்துமாய் இணையும் வடிவங்கள் துருக்கி மொழியில் வெவ்வேறு எழுத்துகள். ஆங்கில முறையில் எழுதிய நிரல்கள் துருக்கியில் தடுமாறி விழுந்தமை கணிப்பொறியாளர் யாவரும் அறிந்த செய்தி. அரபியர்க்கும் சீனர்க்கும் எபிரேயர்க்கும், இந்திய எழுத்துகளை உடையார்க்கும் இவ்விரட்டை வடிவமே இல்லை. ஒரு சில எழுத்துகளின் கைப்பழக்கம், உலகத்தின் சட்டமாக நம் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றது.

நம் முன்னோர் காட்டிய நெறி

தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் வேலை இன்று தொடங்கியதன்று. 1554-இல் இலிசுபனில் ஒரு கிறித்தவ மறைநூல் தமிழ்மொழியில் அச்சேறியது. ஆனால் அதன் எழுத்து உரோமன். 24 ஆண்டுகளுக்குப் பின், 1578-இல் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டார். போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த அயலவர்க்கே தமிழைத் தமிழெழுத்தில்தான் எழுத வேண்டும் என்று 24 ஆண்டுகளில் விளங்கிவிட்டது. ஒருங்குகுறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழெழுத்திற்கு 1991-இலேயே இடம் தரப்பட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நமக்கு இன்னும் விளங்கவில்லை!

அதற்கும் முன்னே செல்வோம். கூரத்தில் கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அதில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில் இருக்கின்றது. தமிழ்ப் பகுதி தமிழெழுத்தில் இருக்கின்றது. வடமொழியைப் போற்றி வளர்த்த மன்னன்தான் அவன். அதற்காக அவனை நாம் பாராட்ட வேண்டுவதில்லை. ஆனால் நிலத்தின் எல்லையும், ஊரின் பெயரும், உரிமையும் கடமையும் மக்களுக்கு விளங்க வேண்டிய இடத்தில், தமிழைத் தமிழெழுத்தில் எழுதாமல் அவனாலும் இயலவில்லை. அம்மொழிக்கு அவ்வெழுத்து, இம்மொழிக்கு இவ்வெழுத்து. 1,300 ஆண்டுகளுக்கு முன் செம்பில் வெட்டிய தச்சனுக்குத் தெரிந்த இவ்வுண்மை, இன்று கண்ணாடித் திரையில் எழுதும் நமக்கு மறந்துவிட்டது.

வேறுபாட்டுக் குறியைப் புறக்கணித்தால் என்னாகும் என்பதையும் நம் வரலாறே காட்டும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் வரையறுத்தது. ஓலையில் எழுதியோர் ஏடு கிழியும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டனர். குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவன் இடம்நோக்கி உய்த்துணர வேண்டியதாயிற்று. மூலம் எது, பிழை எது என்று பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமா? அன்று ஓலை மெல்லியது. விட்டதற்கு ஒரு கரணியம் இருந்தது. இன்று எந்தப் பொறி கிழிந்துவிடும் என்று அஞ்சி ளகரத்தை விடுகின்றோம்?

தமிழில் பெயரிட்டால் பொறி குழம்புமா?

குழம்பாது. தமிழெழுத்தில் பேரெழுத்து சிற்றெழுத்து இல்லாமையால், கலம் என்னும் பெயரையும் களம் என்னும் பெயரையும் விண்டோசும் மாக்கும் இலினக்சும் ஒருபோதும் ஒன்றாக்க மாட்டா. இம்மோதல் தமிழெழுத்தில் நேரவே வழியில்லை. உரோமன் எழுத்தைத் துறந்த அந்நொடியே இச்சிக்கல் வேரோடு அற்றுவிடும்.

ஆயினும் வேறு சில தடைகள் உள்ளன. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. அறிந்து நீக்குவதே கடமை.

முதலாவது, கிட் தன் இயல்பான அமைப்பில் ஆங்கிலமல்லாத எழுத்தைக் காட்டாமல், எண்களாகச் சிதைத்துக் காட்டும். 'கூரம்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குகுறியில் அது ஐந்து குறிகள். ஒவ்வொரு குறிக்கும் பைட்டு எனப்படும் சிற்றலகு மூன்று. ஆகப் பதினைந்து எண்கள் வரிசையாகத் திரையில் வந்து நிற்கும். தமிழைக் கண்டு பொறி குழம்பியதாக மாணவர் அஞ்சுவது இங்கேதான். இது குழப்பமன்று; 'குவோட்பாத்' என்னும் ஓர் அமைப்பை நிறுத்திவிட்டால் தமிழ் தமிழாகவே தோன்றும். ஒரு வரிக் கட்டளை. ஒருமுறை இட்டால் போதும்.

இரண்டாவது, ஒருங்குகுறியில் ஒகர ஓகார உயிர்மெய்களை இருவகையாக எழுத இடமிருக்கின்றது. 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இடலாம். 'கோ', 'கௌ' ஆகியவற்றிற்கும், ஔகாரத்திற்கும் இவ்வாறே. கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு. பழைய மாக்குப் பொறிகள் பெயரைப் பிரித்தே வைத்தன. பிற பொறிகள் எழுதியவாறே வைத்தன. ஆதலின் 'கொற்கை' என்னும் ஒரே கோப்பு, ஒரு களஞ்சியத்தில் இரண்டாகத் தோன்றியது. உரோமன் எழுத்தில் இரண்டு ஒன்றாயின. இங்கே ஒன்று இரண்டாகின்றது. இதனை நேர்செய்யும் அமைப்பு 2012-இலேயே கிட்டில் சேர்க்கப்பட்டது. மாக்கினைப் பயன்கொள்வோர் அஃது இயங்குகின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தொன்றுக்குக் குறியொன்று என்று இருந்திருந்தால் இத்தொல்லையே எழுந்திராது. அத்தகைய அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஆணையிட்டு ஏற்றது; ஆனால் உலகக் குறியீட்டில் அதற்கு இடம் கிட்டவில்லை. தமிழனின் எழுத்திற்கு எத்தனை எண் என்பதைத் தமிழன் முடிவு செய்ய இயலாத நிலையை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நம் கையிலேயே உள்ள குறை. ஔகாரத்தை இடவேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோர் உளர். தமிழெண் ஒன்றிற்கும் ககரத்திற்கும் வடிவம் ஒன்றே. தமிழெண் இரண்டிற்கும் உகரத்திற்கும் அவ்வாறே. பொறிக்கோ அவை வேறு. ஔவையார் பெயரை இருவர் இருவகையாகத் தட்டினால் பொறி இரண்டு ஔவையார்களைக் காட்டும். இதற்கு மென்பொருளைக் குறை கூறுதல் பொருந்தாது. எழுத்தறிந்து தட்டுவதே மருந்து.

செய்ய வேண்டுவன

ஒன்று: தமிழ்த் தொகுப்பு எதுவாயினும், அகரமுதலியாயினும் நாட்டுப்பாடற் றொகுப்பாயினும் கல்வெட்டுப் படியாயினும், கோப்பின் பெயரும் அடைவின் பெயரும் தமிழெழுத்திலேயே இடுக. கோப்புவகையைக் காட்டும் ஈற்றுக் குறிகள் மட்டும் பொறியின் கட்டாயத்தால் உரோமனில் நிற்கட்டும்.

இரண்டு: தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுக. 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற அம்முறையில், தமிழெழுத்து எதற்கும் மேல்தட்டு விசையை அழுத்த வேண்டுவதில்லை. கிரந்த எழுத்திற்கே அது தேவைப்படுகின்றது! ளகரத்தைப் பேரெழுத்து 'எல்' என்று எண்ணும் பழக்கம் விரலிலிருந்து நீங்கினாலன்றி மனத்திலிருந்து நீங்காது.

மூன்று: முன்னரே உரோமன் எழுத்தில் பெயரிட்டு வைத்த தொகுப்புகளை இலினக்சுப் பொறியில் வைத்துச் சரிபார்த்து, மோதும் பெயர்களை முதற்கண் பிரித்தெடுத்து, பின்னரே தமிழ்ப்பெயருக்கு மாற்றுக. விண்டோசில் வைத்து மாற்றத் தொடங்கினால், மாற்றுமுன்பே பாதி மறைந்திருக்கும்.

நான்கு: தமிழ்த் தொகுப்புகளை மின்வடிவில் காக்கும் அரசு அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும், கோப்புப் பெயர் பற்றிய ஒரே நெறிமுறையை வகுத்து, ஒகர ஓகாரக் குறிகளை ஒருவகையாகவே இட வேண்டும் என்று வரையறுத்து, பள்ளிப் பாடநூலிலும் சேர்க்க வேண்டும். பள்ளி மாணவர்க்கு 2011 முதல் மடிக்கணினி வழங்கிய நாடு இது. பொறியைக் கொடுத்தோம், அப்பொறியில் தன் ஊர்ப்பெயரைத் தன்னெழுத்தில் இடலாம் என்னும் துணிவைக் கொடுத்தோமா?

ஐந்து: மென்பொருள் ஆக்கும் தமிழிளைஞர்களே! உங்கள் நிரல் தமிழ்ப்பெயரை ஏற்க மறுத்தால், பெயரை மாற்றாதீர்கள், நிரலை மாற்றுங்கள். கிட் போன்றவை திறந்த மூலநிரல் கொண்டவை. குறை கண்டால் எழுதலாம், திருத்தி அனுப்பலாம். பெயர்கள் மோதும்போது எச்சரிக்க வேண்டும் என்று எவரோ ஒருவர் எண்ணியதனால்தான் அவ்வெச்சரிக்கை இன்று எல்லார்க்கும் கிடைக்கின்றது.

தமிழன்பர்களே! ளகரம் ஒன்று போனால் என்ன என்று இன்று வாளா இருப்போமாயின், நாளை நம் பிள்ளைகள் தேடும் சொல் அவர்கட்குக் கிட்டாது. கிட்டுவதும் வேறொரு சொல்லாயிருக்கும். இருக்கும் சொல்லை இல்லையென்று சொல்லும் பொறியைவிட, ஒரு சொல்லைக் கேட்டால் மற்றொரு சொல்லைத் தரும் பொறி கொடியது. முன்னதில் இழப்பு தெரியும். பின்னதில் இழந்ததே தெரியாது.

தமிழெழுத்தில் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் ஒலிக்கும் தன் பொருளுக்கும் தானே உரிமை பூண்டு நிற்பது. அவ்வெழுத்தால் பெயரிடுக! அப்பெயரைக் காக்க!

தமிழ் வாழ்க! தமிழெழுத்து வெல்க!